மாயாவுக்குப் பதில் பவ்யா

நமோ புத்தாய

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சேரன் எழுதுவது. நானும் ஷோபாவும் நலம். அங்கே நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாக்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். அந்தக் குளிரிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலை ஆறு மணிக்கே ஓடவிடுகிறாயாம். போன தடவை வந்தபோது மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கூடைப்பந்து லீக் தலைவர் கொர்னேலியஸ் சாரின் கடிதம் உனக்கு வந்திருக்கும். இந்த வருஷமும் கிளப்புகள் ஆள் மாற்றிக்கொள்வதில் ஈடு பார்க்க உன்னைத்தான் போட்டிருக்கிறார்கள். உன் பேரை நான் சொல்லவில்லை. ராபர்ட்சன்பேட்டை வியாபாரிகள் கிளப் வேணுகோபால்தான் எழுந்து, "சங்கமித்ரா மேடமே பாக்கட்டும், சொந்தத் தம்பின்னும் பாக்காம எழுதினவங்க" என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஷில்பாவை நாங்கள் வாங்கியது சரியில்லை என்று நீ தீர்ப்பு எழுதினாய். அவளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அதை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, ஆனால் அதை விடு.

நவம்பர் ஒன்றாம் தேதி மாயாவை அவர்களுக்குக் கொடுத்து பவ்யாவை வாங்கினோம். மாயாவை உனக்குத் தெரியும், நம் சுரங்க லைனில் நாலாவது வீட்டு சாரதாக்காவின் மகள். பத்தொன்பது வயசு. இரண்டு வருஷமாக லீக்கிலேயே அதிக பாயிண்ட் அவளுடையதுதான். பவ்யா, பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மஞ்சுநாத்தின் மகள். ஆறடி உயரம். ஆட வந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. லைன்காரர்கள் என்னைப் போகிற இடமெல்லாம் நிறுத்திக் கேட்கிறார்கள், "இன்னா சேரா, மூளை கீது கலங்கிப் போச்சா?" என்று.

என் அணியில் உயரமான பெண் ஒருத்தியும் இல்லை. போன வருஷம் கடைசி இடம். இந்த வருஷமும் கடைசி என்றால் லீக்கை விட்டே எடுத்துவிடுவார்கள், பதினாலு வருஷ உழைப்பு போய்விடும். மாயாவுக்கும் நல்லதுதான். ஜனவரியில் ஸ்டேட் செலக்‌ஷன், பார்க்க வருகிறவர்கள் ராபர்ட்சன்பேட்டை கோர்ட்டுக்குத்தான் வருவார்கள். இரண்டு பக்கமும் ஈடு சரி என்று நீ எழுதினால் போதும். ஸ்கோர் ஷீட்டுகளை இணைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
சேரன்

*

நாக்பூர்
16 நவம்பர் 2025

அன்புள்ள சேரனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் நலம். உன் மாமாவுக்கு மட்டும் தோள்வலி, அதுவும் கிரிக்கெட் பார்க்கும்போது வருவதில்லை. ஷோபாவைக் கேட்டதாகச் சொல்.

"நீ எழுதினால் போதும்" என்று எழுதியிருக்கிறாயே, டிசம்பர் 28 பொதுக்கூட்டத்தில் இந்த வரியையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வரும் கடிதம், நான் எழுதும் கடிதம் எல்லாம் ஊர் முன்னால் வாசிக்கப்படும். ஈடு பற்றிக் கே.ஜி.எஃப். ஆள் யாரிடமாவது போனில் ஒரு வார்த்தை பேசினால் என் தீர்ப்பு செல்லாது, பிறகு ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். முன்பு ஈடு பார்த்தவர் போனில் ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொல்லி நாற்காலி பறந்த வருஷம் நீயும் அங்கேதான் இருந்தாய். தூரத்திலிருந்து காகிதத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறேன் என்பதால்தான் இரண்டு பக்கமும் என்னை நம்புகிறது. அந்தப் பேரை நான் தம்பிக்காகவும் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

எந்தப் பக்கத்துக்காவது ஈடு குறைவு என்று நான் எழுதினால் இரண்டு பெண்களும் பழைய கிளப்புக்கே திரும்ப வேண்டும். அதனால் நிதானமாகத்தான் பார்ப்பேன். காகிதத்தை மட்டும் பார்த்தால் நீதான் ஏமாந்திருக்கிறாய். உயரம் வேண்டும், சரி. உயரத்துக்காக வேகமாக ஓடுகிற ஒருத்தியைக் கொடுக்கலாம், அணியின் உயிரையே கொடுப்பானேன்?

அக்டோபர் 12, 19 இரண்டு மேட்சின் ஷீட்டும் நீ அனுப்பிய கட்டில் இல்லை. தேடி அனுப்பு. மாயா எப்படி இருக்கிறாள்? மனசோடுதான் போனாளா?

அன்புடன்,
அக்கா சங்கமித்ரா

*

கோரமண்டல்
25 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஷோபாவுக்குச் சளி பிடித்து விட்டது, இப்போது பரவாயில்லை. என்னோடு கோச்சிங் பார்க்கும் பிரசாந்த் நலம். சாரதாக்கா தினமும் பெங்களூர் வண்டியில் வேலைக்குப் போய் வருகிறாள், அவளும் நலம். பவ்யாவும் அவள் வீட்டாரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

பவ்யா வந்து நாலு மேட்ச், மூன்றில் ஜெயித்தோம். நம் கிளப்பில் இப்படி நடந்து எத்தனை வருஷமாகிறது என்று உனக்கே தெரியும். போர்டுக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்றாலே போதும், பந்து அவளைத் தேடி வருகிறது. போன ஞாயிறு பதினாறு ரீபவுண்ட். கோர்ட்டைச் சுற்றி ஆள் நிற்க இடமில்லை. என்னைத் திட்டினவர்களே டீ வாங்கித் தருகிறார்கள். இப்படியே போனால் முதல் நாலில் வந்துவிடுவோம், டிசம்பர் 21 செமி ஃபைனல்.

நீ கேட்ட இரண்டு ஷீட்டும் மழையில் நனைந்து படிக்க முடியாமல் போய்விட்டன. அதில் விசேஷமாக ஒன்றுமில்லை, இரண்டிலும் தோற்றோம். மாற்றத்துக்கு அவளே கையெழுத்துப் போட்டாள், யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சேரன்

*

ராபர்ட்சன்பேட்டை
1 டிசம்பர் 2025

மதிப்புக்குரிய சகோதரி சங்கமித்ரா மேடத்துக்கு,

வேணுகோபாலின் நமஸ்காரம். இங்கே நான், என் மனைவி சுந்தரி, கடை, கிளப் எல்லாரும் பகவான் கிருபையில் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தையும் சார் சௌக்கியத்தையும் எழுத வேண்டும்.

மேடம், இருபது வருஷமாக ஜவுளி வியாபாரம் செய்கிறவன் நான். இந்த விஷயத்தில் மடிப்பைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. மாயா வந்து ஐந்து மேட்ச். மொத்தம் 38 பாயிண்ட். எங்களுக்கு எதிராக ஒரே மேட்சில் 31 எடுத்த பெண் அவள். இப்போது மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலேயே நிற்கிறாள். "யாக்கம்மா, ஏன் அங்கயே நிக்கிற, உள்ள போ" என்று கத்தினால் தலையாட்டுகிறாள், போவதில்லை.

அவள் மனசு இன்னும் கோரமண்டலில்தான் இருக்கிறது, வேண்டுமென்றே ஆடுவதில்லை என்று எங்கள் பெண்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சின்னப் பெண்ணைக் கடிந்து பேச எனக்கு வராது. அதனால் நாற்பது நிமிஷமும் வெளியே உட்கார வைக்காமல் ஆடவிடுகிறேன். காலையில் கூடுதலாக அரைமணி கேலரிப் படி ஏறி இறங்கச் சொல்லியிருக்கிறேன். உழைப்பு கொடுத்தால் மனசு தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது என் அனுபவம். மறு பேச்சுப் பேசாமல் செய்கிறாள்.

எங்களுக்கு ஈடு குறைவு என்று முறையிடுகிறேன். தாங்கள் எனக்கும் எழுதிக் கேட்ட அக்டோபர் 12, 19 ஷீட்டுகள் லீக் ஆபீஸில் நகல் இருந்தன, எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
வேணுகோபால்

*

நாக்பூர்
6 டிசம்பர் 2025

சேரனுக்கு,

நாங்கள் நலம். இன்று அம்பேத்கர் நினைவு நாள், தீட்சா பூமியில் பெரிய கூட்டம், உன் மாமா மாலை போடப் போயிருக்கிறார். நான் போகவில்லை. உன் காகிதங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நனைந்துபோன ஷீட்டுகள் எனக்குக் கிடைத்துவிட்டன. லீக் ஆபீஸில் மழை பெய்யவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் முழுக்க மாயா மேட்சுக்கு ஏழு எட்டு ஃப்ரீ த்ரோ போட்டிருக்கிறாள். அப்படியென்றால் உள்ளே புகுந்து போகிறாள், தடுக்க முடியாமல் அவளை இடிக்கிறார்கள். அக்டோபர் 12, முதல் குவார்ட்டரில் நாலு ஃப்ரீ த்ரோ. இரண்டிலும் மூன்றிலும் அவள் எண்ணே இல்லை. நாலாவதில் மறுபடி வருகிறாள். தூரத்திலிருந்து எறிந்த மூன்று பாயிண்டுக்கு ஷீட்டில் போடும் வட்டம் இரண்டு, அவ்வளவுதான். 19ஆம் தேதியும் வட்டம்தான். அன்றிலிருந்து இன்றுவரை ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ கிடையாது. அவள் பேரில் ஃபவுலும் கிடையாது, யார் பக்கத்திலும் அவள் போவதே இல்லை. அக்டோபர் 12க்கு அப்புறம் இந்தப் பெண் குதிக்கவில்லை, சேரா. நீ அவளைக் கொடுத்தது நவம்பர் ஒன்று.

உன் போன கடிதத்தை மறுபடி படித்தேன். லைனில் எல்லார் நலமும் எழுதியிருக்கிறாய், நேற்று வந்த பவ்யாவின் வீட்டார் வரைக்கும். மாயாவின் நலம் இல்லை. நான் பேரைச் சொல்லிக் கேட்டும் இல்லை.

முட்டியா, கணுக்காலா? டாக்டரிடம் காட்டினாயா? அந்தக் காலோடுதான் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்ததோடு ஓடின பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் இன்றைக்கும் மாடிப்படி ஏறுவதில்லை.

ஒரு பக்கத்தில் தெரிந்ததை மறு பக்கத்துக்கு நான் சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் உன்னைத்தான் கேட்கிறேன். உடனே எழுது.

சங்கமித்ரா

*

கோரமண்டல்
11 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உனக்கு என் மேல் என்ன கோபம் என்று தெரியவில்லை. ஷில்பா விஷயத்தில் எழுதினாய், ஆறு மாசம் நான் உன்னோடு பேசவில்லை. அது போதாதா? நாக்பூரில் உட்கார்ந்துகொண்டு வட்டத்தையும் புள்ளியையும் எண்ணி ஒரு ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடலாமா? விளையாட்டு என்றால் அடி படும். நல்ல நாளும் வரும், கெட்ட நாளும் வரும்.

செமி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். யாரோடு தெரியுமா? ராபர்ட்சன்பேட்டையோடு. பதினாலு வருஷத்தில் முதல் தடவை. லைனே தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறது. பவ்யா இல்லை என்றால் இதில் எதுவும் இல்லை. அவளைத் திருப்பிக் கொடு என்று இப்போது யாராவது சொன்னால் நான் எப்படி வீதியில் நடப்பேன்?

உன் கையில் இருக்கும் கடிதமெல்லாம் 28ஆம் தேதி எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும். சாரதாக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். எழுத முடியாததை என்னிடம் கேட்காதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

சேரன்

*

நாக்பூர்
15 டிசம்பர் 2025

தம்பி சேரனுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ எழுதாததும் சேர்ந்தே வந்துவிட்டது.

எனக்கு எதுவும் எழுத வேண்டாம். காகிதமே வேண்டாம். இந்தக் கடிதம் 18ஆம் தேதிக்குள் உனக்குக் கிடைக்கும். கிடைத்ததும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போ. வேணுகோபாலின் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, "அந்தப் பொண்ணு கால்ல அடி, ஆட வெக்காதீங்க" என்று வாயால் சொல்லிவிட்டு வா. நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. சொன்னாய் என்று மட்டும் சனிக்கிழமைக்குள் ஒரு தந்தி மாதிரி நாலு வரி ஸ்பீட் போஸ்டில் கொர்னேலியஸ் சார் வழியாக வந்தாலும் போதும்.

ஏன் மறைத்தாய் என்று எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் பயமாக இருக்கிறது. உன் இடத்தில் இருந்து, லைன் முழுக்கத் தோரணமும் கட்டியிருந்தால் நானும் இன்னும் ஒரு மேட்ச், இன்னும் ஒரு மேட்ச் என்றுதான் நினைத்திருப்பேன். மாயாவும் செலக்‌ஷன் ஆசையில் வாயைத் திறக்க மாட்டாள். பத்தொன்பது வயசில் யார்தான் திறப்பார்கள்? திறக்க வேண்டியவன் நீ.

ஷோபாவுக்கு என் அன்பு.

அக்கா

*

நாக்பூர்
20 டிசம்பர் 2025, சனிக்கிழமை

தங்கவயல் பெண்கள் கூடைப்பந்து லீக் தலைவர் உயர்திரு கொர்னேலியஸ் அவர்களுக்கு,
நகல்: சேரன், வேணுகோபால்

ஐயா, வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மாயா–பவ்யா மாற்றத்தில் ஈடு பார்க்கும் தகுதியை நான் இன்று மாலை ஐந்தே காலுக்கு இழந்துவிட்டேன். மாயாவின் தாயார் சாரதாவுக்குப் போன் செய்தேன். அவர் வேலை முடிந்து பெங்களூர் வண்டியில் வந்துகொண்டிருந்தார். நடுவில் சிக்னல் போய்விட்டது, மறுபடியும் செய்தேன். உங்கள் பெண்ணுக்கு அக்டோபர் 12 முதல் முட்டியில் அடி இருக்கிறது என்று நினைக்கிறேன், நாளைக்கு அவளை ஆடவிடாதீர்கள், எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னேன். "மாடிக்குப் போயி துணி காயப்போட மாட்டேன்னு ரெண்டு மாசமா அடம் பிடிக்கிறா, சோம்பேறின்னு திட்டிகினு இருந்தேன்" என்றார்.

தம்பியிடமிருந்து தகவல் வரும் என்று இன்று வரை காத்திருந்தேன். வரவில்லை.

விதியை மீறியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இன்னொன்றுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் அது லீக்கிடம் இல்லை. இது எனக்கு 6ஆம் தேதியே தெரியும். நியாயமானவள் என்ற பேரைக் காப்பாற்றிக்கொண்டு பதினாலு நாள் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினாலு நாளில் அவள் இரண்டு மேட்ச் ஆடியிருக்கிறாள். தினமும் படி ஏறியிருக்கிறாள்.

இனி என்னைக் கூப்பிட வேண்டாம். மாற்றத்தை இரண்டு கிளப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம்.

தங்கள் உண்மையுள்ள,
சங்கமித்ரா

*

கோரமண்டல்
30 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் 15ஆம் தேதிக் கடிதம் எனக்கு 18ஆம் தேதியே கிடைத்தது. ராபர்ட்சன்பேட்டைக்குப் போனேன். கடைக்கு எதிரில் நின்று ஒரு டீ குடித்தேன். வாடிக்கையாளர் இருந்தார்கள், பிறகு இல்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாயா வரவில்லை. செமி ஃபைனலில் நாங்கள் ஒன்பது பாயிண்டில் ஜெயித்தோம். அதற்குள் விஷயம் லைன் முழுக்கப் பரவிவிட்டது. கைதட்டினவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. மறுநாள் சாரதாக்கா வேலைக்கு லீவு போட்டு அவளை பெங்களூருக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள். முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறது. அடிபட்ட வாரமே வந்திருந்தால் சின்னக் கிழிசல், தைத்திருக்கலாம், ஓடி ஓடிப் பெரிதாகிவிட்டது என்றாராம் டாக்டர். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வருஷம் பந்தைத் தொடக்கூடாது. அதற்கப்புறமும் பழைய மாதிரி என்று சொல்ல முடியாதாம். ஜனவரி செலக்‌ஷன் போய்விட்டது.

28ஆம் தேதி கூட்டத்தில் கொர்னேலியஸ் சார் நீ அனுப்பிவைத்த கடிதக் கட்டை ஓரமாக வைத்துவிட்டார். தீர்ப்பு இல்லாததால் வாசிக்க வேண்டிய அவசியமில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு முன் வரிசையில் சாரதாக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் மாயா, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து கட்டைக் கேட்டு வாங்கினேன். ஒன்று விடாமல் நானே வாசித்தேன், என் கடிதங்கள், உன்னுடையது, வேணுகோபாலுடையது எல்லாம். "மழையில் நனைந்து" என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். படி ஏறவிட்டேன் என்ற இடம் வந்ததும் வேணுகோபால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாசித்து முடித்ததும் சாரதாக்கா எழுந்தாள்.

"சேரா, அன்னிக்கு என் பொண்ணு வலிக்குதுன்னு உன்கிட்ட சொன்னாளா?"

"சொன்னாக்கா."

"நீ இன்னா சொன்ன?"

"கட்டு போட்டுக்கோ, கடைசி குவார்ட்டர்தான், பல்லைக் கடிச்சிக்கோன்னு சொன்னேன். செலக்‌ஷன் முடியற வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் தொறக்காதேன்னும் சொன்னேன்."

அவள் திட்டவில்லை. உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசிலைப் பிரசாந்திடம் கொடுத்துவிட்டேன். கோரமண்டல் ஃபைனல் ஆடாது என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். பவ்யாவைத் திரும்ப அனுப்புகிறோம், மாயா எங்களிடமே வரட்டும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது. வேணுகோபாலும் சரி என்றார். கொர்னேலியஸ் சார் மாயாவைப் பார்த்து, "நீ இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார்.

அவள் எழுந்திருக்க நேரமாயிற்று. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் ராபர்ட்சன்பேட்டையிலயே இருக்கேன் சார். அவங்களுக்குத் தெரியாது, ஓட வெச்சாங்க. உங்களுக்குத் தெரியும்."

கொர்னேலியஸ் சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டு கூட்டத்தை முடித்தார். ஜனவரி ஏழாம் தேதி ஆபரேஷன். நான் வரலாமா என்று சாரதாக்காவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வந்தால் நல்லது.

சேரன்